இந்திய-ஆசியான் சரக்கு வணிக ஒப்பந்தம்

இந்திய-ஆசியான் சரக்கு வணிக ஒப்பந்தம் என்பது, இந்தியாவும் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் அன்றைய 10 உறுப்பு நாடுகளும் தமக்கிடையிலான சரக்குகளின் மீதுள்ள சுங்க வரியைப் படிப்படியாகக் குறைக்கவும் நீக்கவும் செய்துகொண்ட உடன்படிக்கையாகும். 1992இல் ஆசியானின் துறைசார் உரையாடல் கூட்டாளியான இந்தியா, 2003இல் பாலியில் பொருளாதார ஒத்துழைப்புக்கான அடிப்படை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அதன் தொடர்ச்சியாக 2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் கையெழுத்தான இவ்வொப்பந்தம், 2010 ஜனவரி 1 முதல் மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகியவற்றுடன் நடைமுறைக்கு வந்து, பின்னர் ஏனைய நாடுகளுக்கும் விரிந்தது.

ஒப்பந்தத்தின் உயிர்நாடி, ஒரு பொருள் எந்நாட்டில் உருவானது எனத் தீர்மானிக்கும் தோற்ற விதிகளே. வெளிநாட்டு மூலப்பொருள் கலந்த பண்டம் சலுகை பெற, அதன் ஏற்றுமதி மதிப்பில் குறைந்தது 35 விழுக்காடு உறுப்பு நாடுகளுக்குள் உருவாகியிருப்பதோடு, ஆறிலக்கச் சுங்க வகைப்பாட்டு எண்ணும் மாறியிருக்க வேண்டுமென்பது பொது விதி. இதற்கான சான்றிதழ் ஏஐ படிவம் எனப்படும். திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை, கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம் ஆகியவற்றிலிருந்து இந்நாடுகளுக்குச் செல்லும் பண்டங்களுக்கும் இதுவே பொருந்துவதால், சிறு ஆலைகளுக்கு வரிவிகிதத்தை விட ஆவணச் சுமையே பெரிது எனலாம். பாமாயில், காபி, தேயிலை, மிளகு ஆகியவற்றுக்குத் தனி வரிக்குறைப்பு அட்டவணை உண்டு. ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்ய 2019இல் இருதரப்பு அமைச்சர்களும் இசைந்தனர்.