ஓகோவே ஆற்றங்கரை மருத்துவமனை

பிறந்த மண்ணை விட்டு வேற்றுமொழி வழங்கும் ஊரில் குடியேறி வாழும் நமக்கு ஒரு துன்பம் நன்கு தெரியும். நோயுற்ற வேளையில், உடம்பின் நோவைச் சொல்ல மொழி வராமல் தவிப்பதே அது. அப்போது மருந்துக்கும் முன்பாக நாம் தேடுவது நம் சொல்லைப் புரிந்துகொள்ளும் ஒருவரை. அடுத்துத் தேடுவது, அருகிருந்து கஞ்சி காய்ச்சித் தரும் வீட்டாரின் கையை. இவ்விரு தேவைகளையும் மதித்தமையால் நிலைபெற்ற ஒரு மருத்துவமனையின் வரலாற்றை இம்மலரில் கூற விழைகின்றோம். அது ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை நாடாகிய காபோனில், ஓகோவே ஆற்றங்கரையில், லாம்பரேனே என்னும் ஊரில் உள்ளது. அதனை நிறுவியவர் ஆல்பர்ட் சுவைட்சர்.

இப்பெயரைத் தமிழர் பலர் திருக்குறளோடு சேர்த்து அறிவர். இந்தியச் சிந்தனையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1935இல் ஜெர்மன் மொழியிலும், 1936இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. உலகைத் துறக்கும் போக்கே இந்நாட்டில் மேலோங்கியது என்று கருதிய அவர், உலக வாழ்வை ஏற்றுச் செயலில் அன்பைக் காட்டச் சொல்லும் குறளைக் கண்டு வியந்து போற்றினார். அவ்வாறு போற்றியவர், செயலையே தம் வாழ்வாகவும் கொண்டிருந்தார்.

1875ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் அல்சேசு நாட்டில் பிறந்த சுவைட்சர், மெய்யியலிலும் இறையியலிலும் பட்டம் பெற்றவர். ஆர்கன் இசைப்பதில் வல்லவர். பாக் என்னும் இசை மேதையைப் பற்றி நூல் எழுதியவர். முப்பதாம் வயதில், புகழ் தேடி வந்துகொண்டிருந்த காலத்தில், அவர் மருத்துவம் கற்கத் தொடங்கினார். பாரிசிலிருந்த கிறித்துவ ஊழியச் சங்கத்தார் அவருடைய சமயக் கருத்துகளை ஐயுற்றனர். மருத்துவம் மட்டுமே செய்வேன், சமயப் பிரசாரம் செய்யேன் என்று அவர் உறுதி கூறிய பின்னரே இசைந்தனர். செலவுக்குரிய பொருளையும் அவரே இசை நிகழ்த்தியும் நண்பரிடம் கேட்டும் திரட்டினார். அவர் மனைவியார் எலேன் அம்மையார், கணவருக்குத் துணையாகச் செவிலியர் பயிற்சி பெற்றார். இருவரும் 1913ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் லாம்பரேனே வந்து சேர்ந்தனர்.

அங்கே ஆறே பெருவழி. இருபுறமும் அடர்ந்த காடு, கரையோரத்தில் சிற்றூர்கள். மரத்தைக் குடைந்து செய்த ஓடங்களில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்தெல்லாம் நோயாளிகள் வந்தனர். கட்டடம் எழும்பும் முன்பே கூட்டம் வந்துவிட்டமையால், பழைய கோழிக்கொட்டில் ஒன்றைத் துப்புரவு செய்து, சுண்ணாம்பு அடித்து, அதில் மருத்துவம் தொடங்கினார். மலேரியா, தொழுநோய், தூக்க நோய், சீதபேதி, ஆறாப் புண், குடலிறக்கம் என நோய்கள் பல. முதல் ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 2,000 பேருக்கு அவர் மருத்துவம் பார்த்தார். ஒவ்வொருவர் கழுத்திலும் எண் எழுதிய அட்டை வில்லை தொங்கும். அவ்வெண்ணின் கீழ் நோயும் மருந்தும் ஏட்டில் குறிக்கப்பெறும்.

அவர்தம் மொழிகளை மருத்துவர் அறியார். அவருக்கு நாவாக அமைந்தவர் யோசேப்பு என்னும் ஆப்பிரிக்கர். முன்பு சமையல்காரராக இருந்தமையால், உடலின் உறுப்புகளை அடுக்களைச் சொற்களாலேயே அவர் குறிப்பார். ஒருவனுக்கு வலப்பக்கத்து ஆட்டுத்தொடையில் நோவு என்றும், ஒருத்திக்கு இடப்பக்கத்து விலாக்கறியில் நோவு என்றும் மொழிபெயர்ப்பாராம்! நமக்கு நகை தோன்றலாம். ஆயினும் அச்சொற்கள் இல்லையேல், அம்மருத்துவரின் கல்வி முழுவதும் அக்கரையிலேயே பயனற்று நின்றிருக்கும்.

நாள்தோறும் காலையில் மருத்துவமனையின் விதிகள் அவ்வட்டார மொழிகளில் உரக்கக் கூறப்படும். வீட்டருகே துப்பலாகாது, உரத்துப் பேசலாகாது, அன்றைக்கு வேண்டிய உணவைக் கொண்டுவர வேண்டும், மருந்துப் புட்டிகளைத் திருப்பித் தர வேண்டும் என்பன அவற்றுட் சில. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரும் ஒவ்வொரு புட்டியும் அங்கே அரும்பொருள்.

நோயாளியுடன் உறவினரும் வந்து தங்கினர்; குடிலுக்கு வெளியே அடுப்பு மூட்டிச் சமைத்தனர். அயலார் சமைத்ததை உண்ணத் தயங்கியோர் பலர். உற்றாரைப் பிரித்தால் நோயாளி வரவே மாட்டான் என்பதை உணர்ந்த சுவைட்சர், தம் மருத்துவமனையை ஒரு சிற்றூர் போலவே அமைத்தார்.

மருத்துவரும் ஆற்றில் பயணம் செய்ததுண்டு. 1915ஆம் ஆண்டு செப்டம்பரில், நோயுற்ற ஓர் ஊழியரின் மனைவியைக் காண அவர் சிறு நீராவிப் படகில் சென்றார். மூன்றாம் நாள் மாலை, நீர்யானைக் கூட்டத்தின் நடுவே படகு ஊர்ந்தபோது, பன்னாள் தேடிய கருத்து அவர் உள்ளத்தில் பளிச்சிட்டது. உயிர் அனைத்தையும் போற்றுதலே அறத்தின் அடிப்படை என்பதே அது.

முதல் உலகப் போர் அப்பணியை முறித்தது. பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் வாழ்ந்த ஜெர்மன் குடிமக்கள் என்பதால், 1917இல் இருவரும் கைதிகளாகப் பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1924இல் அவர் திரும்பியபோது காடு கட்டடங்களை விழுங்கியிருந்தது. மீண்டும் கட்டினார். 1925இல் பஞ்சமும் சீதபேதியும் சேர்ந்து வந்தன, இடம் போதவில்லை. 1927இல் ஆற்றின் மேற்பகுதியில் விரிந்ததோர் இடத்துக்கு மருத்துவமனை மாறியது. 1952ஆம் ஆண்டுக்குரிய நோபல் அமைதிப் பரிசின் தொகை, தொழுநோயாளர் குடியிருப்புக்குப் பயன்பட்டது.

குறைகளையும் கூறுதல் வரலாற்றுக்கு அழகு. ஆப்பிரிக்கரைத் தம்பியராகவும் தம்மைத் தமையனாகவும் அவர் கருதினார். ஆளப்பெறும் நாடுகள் விடுதலை பெற்றுவந்த காலத்தில் அது பலரைப் புண்படுத்தியது. 1960இல் காபோன் விடுதலை பெற்ற பின்னும், மருத்துவமனை பழைய முறையிலேயே, நவீன வசதிகள் குறைந்து இருந்ததெனக் கண்டோர் குறை கூறினர். அந்நாட்டு மருத்துவரை உருவாக்கி அவர் கையில் பொறுப்பை ஒப்படைக்கவில்லை என்பதும் நியாயமான குற்றச்சாட்டே. நோயாளியின் அடுப்பை மதித்தவர், அவன் ஆளும் தகுதியையும் அதே அளவு மதித்திருக்கலாம் என்றே நாம் எண்ணுகின்றோம்.

1965ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், தம் 90ஆம் வயதில், லாம்பரேனேயிலேயே அவர் மறைந்தார். 1981இல் புதிய கட்டடங்கள் எழுந்தன. மலேரியா ஆராய்ச்சியும் அங்கே வேரூன்றியது. ஆப்பிரிக்க அறிஞர்களும் அதில் பங்கேற்றனர். 2021இல் உலக நலவாழ்வு நிறுவனம் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்த முதல் மலேரியாத் தடுப்பூசி, அதற்கு முன் ஆப்பிரிக்காவின் பதினோர் இடங்களில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. அவற்றுள் லாம்பரேனேயும் ஒன்று.

கோழிக்கொட்டிலில் தொடங்கிய பணி ஒரு நூற்றாண்டைக் கடந்து நிற்கின்றது. அதில் மருத்துவரின் உழைப்போடு யோசேப்பின் நாவும், துடுப்பு வலித்தோர் தோளும், அடுப்பருகே அமர்ந்த உற்றாரின் கையும் கலந்துள்ளன. நம் குடியிருப்பில் புதிதாக வந்த ஒரு குடும்பம் நோயுற்றால், மருத்துவராக இல்லாத நாமும் உடன் சென்று நாவாகலாம். ஒரு வேளைக் கஞ்சி கொண்டு செல்லலாம். சங்கம் என்ற சொல்லுக்கு அதனினும் சிறந்த பொருள் வேறில்லை.