பேலி பாதிரியாரின் கடிகாரமும் டார்வினின் குளவியும்

சாவி கொடுத்து ஓட வைக்கும் கைக்கடிகாரம் கட்டிய தலைமுறை நம்முடையது. ரிப்பேர் கடையில் பின்மூடியைக் கழற்றியதும் பல்சக்கரங்களும் மயிரிழை போன்ற வில்லும் தெரியும். யாரோ யோசித்துச் செய்தது என்று பார்த்த உடனே புரிந்துவிடும். இதை வைத்தே படைத்தவன் ஒருவன் உண்டு என்று வாதாடியவர் வில்லியம் பேலி என்ற ஆங்கிலேயப் பாதிரியார்.

1802இல் வெளிவந்தது அவருடைய 'இயற்கை இறையியல்' என்ற நூல். வெட்டவெளியில் நடக்கையில் காலில் ஒரு கல் தட்டுகிறது. அது என்றைக்கும் அங்கேயே கிடந்தது என்று சொல்லிவிடலாம். கிடப்பது கடிகாரமாக இருந்தால் அப்படிச் சொல்ல முடியுமா? கண்ணும் காதும் கடிகாரத்தைவிட நுட்பமானவை ஆயிற்றே என்பது பேலியின் கேள்வி. மூச்சுக்குழாயை மூடும் சின்னஞ்சிறு மூடியைப் பற்றி அவர் எழுதுவது எனக்கு மிகவும் பிடிக்கும். பெரிய விருந்தில் எத்தனை பேர் எவ்வளவு வேகமாக விழுங்குகிறார்கள், ஆனாலும் நூறு ஆண்டில் இரண்டு பேர்கூட அடைத்துச் சாவதில்லையே என்கிறார். நம் ஊர் கல்யாணப் பந்தியை அவர் பார்த்திருக்க வேண்டும்!

வாதம் புதிதல்ல. ரோமாபுரியில் சிசெரோ சொல்லியிருக்கிறார். நம் சைவ சித்தாந்தத்திலும் குடம், மண், குயவன் என்ற உவமை உண்டு. மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சபைகளில் கேட்டிருப்பீர்கள். ஆனால் பேலி 'செய்தவன் உண்டு' என்பதோடு நிற்கவில்லை, 'அவன் நல்லவன்' என்றும் நிறுவப் பார்த்தார். சிக்கல் அங்கேதான்.

அவர் சொகுசாக உட்கார்ந்து இதை எழுதவில்லை. 1800 முதல் கடுமையான வலி தரும் நோய் அவரை வாட்டியது. பிரசங்கம் செய்யப் போக முடியாத நாட்களில்தான் இந்தப் புத்தகம் வளர்ந்தது. வலி விட்டு விட்டு வருகிறது, இடையில் கிடைக்கும் ஓய்வு எத்தனை சுகம், அதுவும் கருணைதான் என்று எழுதுகிறார். ஏற்கிறோமோ இல்லையோ, அனுபவித்தவர் சொன்ன வார்த்தை. 1805இல் காலமானார்.

கால் நூற்றாண்டு கழித்து, பேலி படித்த அதே கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரிக்குப் பாதிரியார் படிப்பை மனதில் வைத்து ஒரு மாணவர் வந்தார். பெயர் சார்ல்ஸ் டார்வின். பேலியின் நூல்கள் யூக்ளிட் அளவுக்கு இன்பம் தந்தன என்று முதுமையில்கூட நன்றியோடு எழுதினார். அந்த ரசிகர்தான் 1859இல் தம் புத்தகத்தால் கடிகார வாதத்தை ஆட்டம் காண வைத்தார். சிறுசிறு மாறுதல்கள், அவற்றில் பிழைத்தவை நிலைத்தல், ஏராளமான காலம். இவை போதும், கண்கூட உருவாகிவிடும் என்பது அவர் கணக்கு. ஆனாலும் கண்ணை நினைத்தால் தமக்கே உடம்பு சில்லிடுகிறது என்று 1860இல் நண்பருக்கு எழுதினார்.

அந்த நண்பர் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரே, தெய்வ நம்பிக்கை மிகுந்தவர். அதே ஆண்டு அவருக்கு எழுதிய இன்னொரு கடிதத்தில் டார்வின் ஒரு குளவி இனத்தைப் பற்றிச் சொல்கிறார். உயிருள்ள புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு பொரிந்து அந்தப் புழுவை உள்ளிருந்தே தின்று வளரும். கருணையுள்ள இறைவன் வேண்டுமென்றே இப்படி வகுத்திருப்பான் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்றார்.

இதைப் படித்தபோது எனக்கு நம் பழமொழி நினைவுக்கு வந்தது. குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்போம். குரு சீடனைத் தன்னைப்போல் ஆக்குவதற்கு உவமை. உண்மையில் சுவரிலுள்ள மண்கூட்டுக்குள் நடப்பது வேறு. கொட்டு வாங்கிய புழு அசையாமல் கிடக்கிறது, சாகவில்லை. குளவியின் குஞ்சுக்கு அது சோறு. டார்வினுக்கு இறைவனை மறைத்த காட்சியே நம் முன்னோருக்கு அருளின் அடையாளமாயிற்று.

டார்வினின் மனம் குளவியால் மட்டும் மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 1851 ஏப்ரலில் அவருடைய செல்ல மகள் ஆனி பத்து வயதில் இறந்தாள். மால்வெர்ன் என்ற ஊரில் வைத்தியத்துக்குச் சேர்த்து, தகப்பனே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டும் பலனில்லை. அதற்கு எந்தக் கடிகாரமும் விடை சொல்லவில்லை.

ஏசா கிரே விடவில்லை. பரிணாமம் உண்மையாகவே இருக்கட்டும், அதை நடத்துபவனும் இருக்கலாமே என்று பத்திரிகையில் கட்டுரைகள் எழுதினார். டார்வினுக்கு அதில் உடன்பாடில்லை. இருந்தும் அந்தக் கட்டுரைகளைச் சிறு நூலாக அச்சிட ஏற்பாடு செய்து, செலவிலும் பங்கு கொடுத்து, 1861இல் இங்கிலாந்தில் தாமே பலருக்கு அனுப்பி வைத்தார்.