போக மட்டும் டிக்கெட்

2023 ஜூனில் சென்னையிலிருந்து எம்ப்ரஸ் என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கு வந்துபோனது. சும்மா கடலைச் சுற்றிவர இவ்வளவு காசு கொடுப்பார்களா என்று பிள்ளைகள் எங்களிடம் கேட்டார்கள். கொடுப்பார்கள். பெட்டியை ஒருதரம் பிரித்து வைத்தால் போதும். அறையும் சாப்பாடும் கூடவே வரும், விடிந்தால் இன்னொரு துறைமுகம். 1844இலேயே பீ அன்ட் ஓ கம்பனி இங்கிலாந்திலிருந்து இப்படிச் சுற்றுலா நடத்தியது.

அதே காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் படகில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுவழியே நடந்தார்கள். 1914இல்தான் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியது.

பிறகு 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு என்று முடிவானது. குடும்பங்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன ரயிலை மலையகத்தார் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம். ஹஜ்ஜுக்குக் கப்பலேறிய நம் பெரியவர்களும் கடனை அடைத்து, மன்னிப்புக் கேட்டுத்தான் போனார்கள். ஆனாலும் திரும்பிவரும் எண்ணம் இருந்தது. உல்லாசப் பயணிக்குக் கடல் இனிப்பதும் அடுத்த வாரம் வீட்டில் இருப்போம் என்பதால்தான். இராமானுஜத்தில் போனவர்களுக்கு வீடே பின்னால் நின்றுவிட்டது.

இரத்தினபுரி, கேகாலை லயங்களில் அவர்களை வழியனுப்பியவர்கள் இன்னும் இருந்தால், கேட்டு எழுதுங்கள். வகுப்பில் வாசிக்க வேண்டும்.