மலையூரின் உயிர்நாடி

ஊர்களின் வரலாற்றைக் கோட்டையிலும் கோவிலிலும் தேடுவது வழக்கம். சில மலையூர்களின் வரலாற்றையோ புகைவண்டி நிலையத்திலேயே காணலாம். அமெரிக்க நாட்டுக் கொலராடோ மாநிலத்தின் சில்வர்டன் அத்தகையது.

ஏறத்தாழ 9,300 அடி உயரத்தில் அமைந்த இவ்வெள்ளிச் சுரங்க ஊருக்கு முதலில் கழுதைகளே கணவாய்களைக் கடந்து சுமை கொணர்ந்தன. 1882ஆம் ஆண்டு சூலையில், 45 மைல் தொலைவிலுள்ள டூராங்கோவிலிருந்து மூன்றடி அகல இருப்புப்பாதை இவ்வூரை எட்டியது. நிலையம் சிறியதொரு மரக்கட்டடமே. எனினும், வெள்ளித் தாது புறப்பட்டதும், மாவும் நிலக்கரியும் வந்திறங்கியதும் அங்கேதான். கடிதப் பைகளும் செய்தித்தாள்களும் வண்டியிலேயே வந்தன. ஆகவே வண்டி வரும் வேளையே ஊர் கூடும் வேளையாயிற்று.

நிலையத்தின் அருமை, வண்டி வராதபோதுதான் நன்கு விளங்கிற்று. 1884ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அனிமாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பனி சரிந்து பாதையை மூடியது. 73 நாள் வண்டி இல்லை. கடைகளில் உணவுப் பொருள் அருகியது. கழுதைப் பாதையை மறந்த ஊர், இருப்புப்பாதை ஒன்றையே நம்பியிருந்தது.

1893இல் வெள்ளி விலை வீழ்ந்தது. 1991இல் கடைசிப் பெருஞ் சுரங்கமும் மூடப்பட்டது. ஆயினும் புகைவண்டி இன்றும் ஓடுகிறது. தாது ஏற்றிய பாதை, இப்போது சுற்றுலாப் பயணிகளை ஏற்றி வந்து அவ்வூரை வாழ்விக்கின்றது.