ஞானஸ்நானம் பெறாத பேரரசன்

கி.பி. 392 மே 15 அன்று, இன்றைய பிரான்ஸில் உள்ள வியென் நகரில், ரோமப் பேரரசன் இரண்டாம் வாலன்டினியன் தூக்கில் பிணமாகக் கிடைத்தான். வயது 21. தற்கொலை என்றார் தளபதி அர்போகாஸ்ட். இல்லை, அவர்தான் கொன்றார் என்றார்கள் பலர். அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை. ஆனால் கிறிஸ்தவச் சிந்தனை வரலாற்றில் இந்தச் சாவு வேறொரு கேள்விக்காக நிற்கிறது. அவன் ஞானஸ்நானம் பெறாமல் செத்துப்போனான். அவனுக்கு மீட்பு உண்டா, இல்லையா?

கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை 21 வயதுவரை ஞானஸ்நானம் பெறாமல் எப்படி இருந்தான் என்று தோன்றலாம். அந்த நூற்றாண்டில் அது சாதாரணம். ஞானஸ்நானம் அதுவரை செய்த பாவம் அத்தனையையும் கழுவிவிடும் என்று நம்பினார்கள். அதன் பிறகு பெரிய பாவம் ஏதாவது செய்துவிட்டால் மன்னிப்புக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். அதுவும் ஊரறியச் செய்யவேண்டிய கடுமையான தவம். அதனால் பலரும் தள்ளிப்போட்டார்கள். கான்ஸ்டன்டைன் 337இல் மரணப்படுக்கையில்தான் பெற்றார். மிலான் நகர ஆயர் அம்புரோஸ்கூட 374இல் அந்தப் பதவிக்குத் தேர்வானபோது ஞானஸ்நானம் பெறாதவர்தான். அவசர அவசரமாகக் கொடுத்துத்தான் ஆயராக்கினார்கள்.

அந்த அம்புரோஸுக்குத்தான் வாலன்டினியன் ஆளனுப்பியிருந்தான், வந்து எனக்கு ஞானஸ்நானம் கொடுங்கள் என்று. இருவருக்கும் இடையே பழைய கணக்கு ஒன்று உண்டு. கிறிஸ்துவைப் பிதாவுக்குச் சமமாக ஏற்காத ஆரியுஸ் பிரிவினருக்காக, 385–86இல் அரண்மனை மிலானில் ஒரு தேவாலயத்தைக் கேட்டது. பின்னால் நின்றவர் பேரரசனின் தாய் யுஸ்தினா. அம்புரோஸ் மக்களோடு தேவாலயத்துக்குள் உட்கார்ந்துகொண்டு கொடுக்க மறுத்தார். இப்போது அதே பையன் அவரைத் தகப்பனைப்போல் எதிர்பார்த்துக் கிடந்தான். அம்புரோஸ் புறப்பட்டார். வழியிலேயே சாவுச் செய்தி வந்துவிட்டது.

உடல் மிலானுக்கு வந்தது. அடக்கத்தின்போது அம்புரோஸ் ஆற்றிய உரை இன்றும் கிடைக்கிறது. எதிரே நின்றவர்கள் இறந்தவனின் சகோதரிகள், யுஸ்தாவும் கிராத்தாவும். சகோதரன் போனதைவிட, ஞானஸ்நானம் இல்லாமல் போனதே அவர்களை அதிகம் வதைத்திருக்க வேண்டும். அந்த வருத்தம் தன் காதுக்கு வந்தது என்று சொல்லித்தான் ஆயர் அந்தப் பகுதியையே தொடங்குகிறார்.

அவருக்கு இது சங்கடமான இடம். யோவான் நற்செய்தியின் 3ஆம் அதிகாரம் நீரையும் ஆவியையும் சேர்த்தே நிபந்தனையாக வைக்கிறது. சிலுவையை விசுவாசிப்பவனாக இருந்தாலும், ஞானஸ்நானம் பெறாவிட்டால் பாவமன்னிப்பு கிடையாது என்று எழுதிக் கற்பித்தவரும் இதே அம்புரோஸ்தான்.

இப்போது அவர் கேட்டது வேறு கேள்வி. விரும்புவதும் கேட்பதும் தவிர மனிதன் கையில் வேறென்ன இருக்கிறது? இவன் கேட்டான், எனவே பெற்றான். ஞானஸ்நானம் பெறாமலே கொல்லப்பட்ட இரத்தசாட்சிகளை அவர்களுடைய இரத்தமே கழுவியது என்று திருச்சபை ஏற்கிறது. அப்படியென்றால் இவனை இவனுடைய பக்தியும் ஆசையும் கழுவின என்று வாதாடினார்.

“அப்ப தண்ணி எதுக்கு?” என்று யாராவது கேட்கத்தானே செய்வார்கள்? 12ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் அபெலார்ட் கேட்டார். அம்புரோஸ் சொன்னதை அவர் ஏற்கவில்லை. துறவி பெர்னார்ட் அம்புரோஸின் பக்கம் நின்றார். அடுத்த நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதே கேள்வியை விவாதிக்கும்போது வாலன்டினியனையே சான்றாக அழைக்கிறார். 1547இல் ட்ரெண்ட் பொதுச்சங்கம் ஞானஸ்நானமோ, அதற்கான ஆசையோ இல்லாமல் மனிதன் நீதிமானாக முடியாது என்று எழுதியது. ஒரு அடக்க வீட்டில் சொன்ன ஆறுதல் 1,155 ஆண்டுகளில் சட்ட வாசகமாகிவிட்டது. சீர்திருத்தச் சபைகளில் பாப்டிஸ்டுகள் வேறு வழியில் போனார்கள். அவர்களுக்கு ஞானஸ்நானம் மீட்பின் அடையாளம், காரணம் அல்ல. இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளனை எந்தத் தண்ணீரும் தொடவில்லை என்பது அவர்கள் பக்கத்தில் அடிக்கடி வரும் வாதம்.

ஆனால் இந்த ஆறுதலில் ஒரு ஓட்டை இருந்தது. கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் அது பொருந்தும். பிறந்து மூன்றாம் நாள் சாகும் குழந்தை எதைக் கேட்கும்? 387இல் அம்புரோஸின் கையால் ஞானஸ்நானம் பெற்ற அகஸ்டின், பெரியவர்கள் விஷயத்தில் விசுவாசமும் மனமாற்றமும் போதுமானதாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். குழந்தைகளிடம் அவர் இறங்கிவரவில்லை. அவர்களுக்கும் தண்டனை உண்டு, மிக மென்மையான தண்டனை என்றார். அதை ஏற்கவும் முடியாமல் தள்ளவும் முடியாமல், இடைக்கால இறையியலாளர்கள் துன்பமும் இல்லாத, கடவுள் தரிசனமும் இல்லாத ‘லிம்போ’ என்ற ஓர் இடத்தைக் கற்பித்தார்கள்.

2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம் அதை மீண்டும் கையில் எடுத்தது. அந்தக் குழந்தைகள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்பிக்கை வைக்க வலுவான காரணங்கள் உண்டு, ஆனால் உறுதியாக அறிந்துகொள்ள வழியில்லை என்பதே அது சொன்ன முடிவு. யுஸ்தாவுக்கும் கிராத்தாவுக்கும் கிடைத்த அளவு உறுதி, குழந்தையைப் புதைத்த தாய்க்கு இன்னும் கிடைக்கவில்லை.