மெத்தென்று இறங்கும் பெடல்

1966-ஆம் வருஷத்து செவ்ரோலே சி10 பிக்கப் ஒன்றின் பானெட்டைத் திறந்து மாஸ்டர் சிலிண்டரின் மூடியைக் கழற்றினால், உள்ளே பிரேக் ஆயிலுக்கு ஒரே ஒரு அறைதான் இருக்கும். 1967 மாடலில் அறை இரண்டு. நடுவில் ஒரு சின்னச் சுவர், அவ்வளவுதான். அமெரிக்க மோட்டார் உலகம் அந்தச் சுவருக்கு வந்து சேர நாற்பது வருஷத்துக்கும் மேலாயிற்று.

கதையின் வேர் பாஸ்கலிடம் இருக்கிறது. மூடிய திரவத்தில் ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று அவர் எழுதியது, அவர் இறந்தபின் 1663-இல் அச்சானது. இதைக் காரின் நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுவந்தவர் மால்கம் லாக்ஹீட். தம்பியோடு விமானம் செய்துகொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு பிரேக் பக்கம் வந்தார். 1921-இல் டியூசன்பெர்க் கார் நான்கு சக்கர ஹைட்ராலிக் பிரேக்கோடு விற்பனைக்கு வந்தது. ஆனால் ஆரம்பகால சீல்கள் கசிந்தன. கிரைஸ்லரின் பொறியாளர்கள் ரப்பர் கப்புகளைப் போட்டு அதைச் சரிசெய்தார்கள். 1924-இல் கிரைஸ்லர் கார் அதோடு வெளிவந்தது.

ஃபோர்டு மட்டும் அசையவில்லை. 1938 வரை கம்பியும் கேபிளும்தான், 1939-இல்தான் ஹைட்ராலிக். கிழவரின் பிடிவாதம் என்று இதைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். ஆனால் அவருடைய சந்தேகத்தில் நியாயம் இருந்தது. ஒரு சக்கரத்துக்குப் போகும் கம்பி அறுந்தால் அந்தச் சக்கரம் மட்டும்தான் போகும். ஒரே அறையிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் ஆயில் போகும்போது, ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்குமே போச்சு. பாஸ்கல் சொன்ன சமத்துவம் இழப்பிலும் சமமாகவே வேலை செய்யும். எங்கள் தொழிலில் இதை 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்' என்போம்.

அதனால்தான் பழைய பிக்கப்பில் பெடல் மெத்தென்று இறங்கினால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டு மூன்று முறை பம்ப் பண்ணியதும் மேலே ஏறி கல் மாதிரி நின்றால், பெரும்பாலும் டிரம்முக்கும் பிரேக் ஷூவுக்கும் இடைவெளி கூடிவிட்டது. அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். ஏறியும் பஞ்சு மாதிரியே அமுங்கினால் உள்ளே காற்று. ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும். கால் போட்ட பலத்தை அதுவே தின்றுவிடுகிறது. ஏர் எடுத்தும் போகவில்லையென்றால் பழைய ரப்பர் ஹோஸ் உப்புகிறதா என்று பாருங்கள்.

காலை அழுத்தியபடியே வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே போனால் அதுதான் மோசமான சேதி. எங்கோ கசிகிறது. சக்கரத்தின் உள்பக்கம், பைப் இணைப்பு, ஹோஸ் எதிலும் ஈரம் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் கப் தேய்ந்து ஆயில் பின்னால் நழுவுகிறது. மலை இறக்கத்தில் மட்டும் பெடல் தொய்ந்தால் ஆயிலே பழசு. கிளைக்கால் வகை பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 140. கொதித்தால் ஆவி, ஆவியும் காற்றைப்போலச் சுருங்கும்.

காடிலாக்கும் அமெரிக்கன் மோட்டார்ஸும் 1962-லேயே இரண்டு அறை கொடுத்துவிட்டன. வழி தெரியாமல் யாரும் இல்லை. மற்றவர்கள் அசைய 1965-இல் ரால்ஃப் நேடரின் புத்தகமும், 1966-இல் வாகனப் பாதுகாப்புச் சட்டமும் வேண்டியிருந்தன. 1968 ஜனவரியில் அமலான பிரேக் விதிகூட பயணிகள் கார்களுக்கு மட்டும்தான். செவ்ரோலே, ஃபோர்டு பிக்கப்புகள் அதற்கு முந்தைய வருஷமே இரண்டு அறைக்கு மாறின.

அதற்கு முன் தொழிற்சாலையை விட்டு வந்த வண்டிகளை எந்த விதியும் திரும்ப அழைத்து மாற்றவில்லை. இன்றும் ஆசையாகப் பாலிஷ் போட்டு அவற்றை ஓட்டுகிறார்கள். அந்த வண்டியில் ஆயில் குறையக் குறைய மேலே ஊற்றிக்கொண்டே ஓட்டுவது, அலர்ட்டை மியூட் செய்துவிட்டுத் தூங்கப் போவது மாதிரி. தொய்ந்த பெடல் தருவது ஒரு எச்சரிக்கை. ஒற்றை அறை வண்டியில் அதற்கு அடுத்த எச்சரிக்கை இருக்குமென்று உத்தரவாதம் இல்லை.