ஓடினால் போதுமா? பழைய மோட்டார் ஹோம் வாங்க நினைப்பவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

பிரித்தானியாவில் வாழும் எம்மவர்கள் சிலரிடையே மோட்டார் ஹோம் வாங்கும் ஆசை வளர்ந்திருக்கிறது. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாவற்றையும் முதுகில் சுமந்து செல்லும் வாகனம் அது. விடுதிச் செலவு இல்லை. வயதான அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாம், நேரத்துக்குச் சோறும் மருந்தும் கொடுக்கலாம். புதிதாக வாங்கும் விலை எட்டாத உயரத்தில் இருப்பதால், பெரும்பாலானோர் பத்துப் பதினைந்து வருடம் பழையதையே தேடுகிறார்கள்.

லண்டனுக்கு அருகே ஒரு கராஜில் வாகனம் திருத்துபவன் நான். என்னிடம் வருபவர்கள் அநேகமாக வாங்கிய பின்னர்தான் வருகிறார்கள். "அண்ணை, எஞ்சின் நல்லா இருக்கு. முப்பதாயிரம் மைல்தான் ஓடியிருக்கு. பிறகு ஏன் எம்.ஓ.ரியில பெயில் பண்ணிறாங்கள்?" என்பதுதான் வழக்கமான கேள்வி. அதற்கான பதிலை, வாங்குவதற்கு முன்னரே தெரிந்துகொள்ளும் விதமாக இங்கே எழுதுகிறேன்.

இரண்டு விதமான சோதனை

1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். உதிரிப்பாகம் வராது என்று தெரிந்தும் பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்களை வருடக்கணக்காக உயிரோடு வைத்திருந்தார்கள் எமது மெக்கானிக்மார். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கார் ஓடினால் போதும். அன்றைய ஒரே சோதனை அதுதான். அந்தப் பழக்கம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே வாகனத்தை மதிப்பிடுகிறோம்.

பிரித்தானியாவின் எம்.ஓ.ரி சோதனை வேறு கேள்வியைக் கேட்கிறது. இந்த வாகனம் ஒழுங்காக நிற்குமா, திரும்புமா, இருட்டில் மற்றவர் கண்ணுக்குத் தெரியுமா என்பதே அது. 1960இல் இச்சோதனை தொடங்கியபோது 10 வருடம் பழைய வாகனங்களின் பிறேக், லைற், ஸ்ரியரிங் ஆகியவற்றையே பார்த்தார்கள். 1967 முதல் வாகனத்துக்கு 3 வயதானதும் சோதனை கட்டாயமாகியது. மோட்டார் ஹோமுக்கும் அதுவே விதி. வட அயர்லாந்தில் மட்டும் 4 வருடம். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் சோதிக்க வேண்டும்.

எடை எவ்வளவாக இருந்தாலும் மோட்டார் ஹோம் காரைப் போல 4ஆம் வகுப்பிலேயே சோதிக்கப்படும். கட்டணம் அதிகபட்சம் 54.85 பவுண். ஆனால் எல்லாச் சோதனை நிலையத்திலும் இவ்வளவு உயரமான, நீளமான வாகனத்தைத் தூக்கும் வசதி இல்லை. நீளம், உயரம், எடை மூன்றையும் தொலைபேசியில் சொல்லி, எடுப்பார்களா என்று கேட்ட பிறகே நேரம் பதிய வேண்டும்.

நின்றே கெடும் வாகனம்

கார் ஓடி ஓடித் தேய்கிறது. மோட்டார் ஹோம் பெரும்பாலும் நின்று கெடுகிறது. கோடையில் சில வாரம் ஓடிவிட்டு, மழையிலும் பனியிலும் மாதக்கணக்காக வீட்டு முன்றலில் நிற்கிறது. ஆகவே மைல் குறைவு என்பதை நல்ல செய்தியாக மட்டும் எடுக்கக் கூடாது. சோதனையில் அடிக்கடி அகப்படுபவை இவை:

ரயர்: மேற்பகுதி புதிது போல இருக்கும், பக்கச் சுவரில் வெடிப்பு ஓடியிருக்கும். 3,500 கிலோ வரையான மோட்டார் ஹோமுக்குத் தவாளிப்பு ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். அதில் சித்தியடைந்தாலும், வெடிப்பு உள்ளிருக்கும் நூலைக் காட்டும் அளவுக்குப் போனால் தோல்விதான். ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது.

பிறேக்: நின்ற வாகனத்தின் பிறேக் தட்டுகளில் கறள் ஏறும். கை பிறேக் கேபிள் இறுகிப்போகும். ஒரு பக்கச் சில்லு பிடிக்க மறு பக்கம் பிடிக்காது. நீண்ட வாகனம் என்பதால் அடியில் பிறேக் குழாயும் நீளம். பனிக்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு அதை அரிக்கிறது.

லைற்: பல தோல்விகளுக்கு ஒரு மின்குமிழே காரணம். கூரை உயரத்திலும் பக்கங்களிலும் உள்ள சிறிய விளக்குகளுக்குள் ஈரலிப்புப் போய் இணைப்புகள் பச்சை பூத்திருக்கும். சோதனைக்கு முதல் நாள் மாலையில் ஒருவர் உள்ளே இருந்து ஒவ்வொன்றாகப் போட, மற்றவர் சுற்றி வந்து பார்த்தால் போதும்.

சஸ்பென்ஷன்: சரக்கு வான் ஒரு நாள் சுமையோடு ஓடும், மறுநாள் வெறுமையாக ஓடும். மோட்டார் ஹோமின் சுமை இறங்குவதே இல்லை. அலுமாரியும் கட்டிலும் குளிர்சாதனப் பெட்டியும் வருடம் முழுவதும் அதன் ஸ்பிரிங்கின் மேல் இருக்கின்றன. ஸ்பிரிங் உடைவு, றப்பர் புஷ் கிழிவு, போல் ஜொயின்ற் தேய்வு என்பன அதனால் வருகின்றன.

அடிப்பகுதிக் கறள்: பிறேக், ஸ்ரியரிங், சஸ்பென்ஷன், இருக்கைப் பட்டி ஆகியவை பொருத்தப்பட்ட இடத்திலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் சுமை தாங்கும் பகுதி உக்கியிருந்தால் வாகனம் சித்தியடையாது. வெல்டிங் செலவு பல வேளைகளில் மற்ற எல்லாவற்றையும் விடக் கூடியது.

முன் கண்ணாடி: சாரதியின் நேர்ப் பார்வைப் பகுதியில் 10 மில்லிமீற்றருக்கு மேலும், வைப்பர் துடைக்கும் மற்றப் பகுதியில் 40 மில்லிமீற்றருக்கு மேலும் சேதம் இருக்கக் கூடாது. வெயிலில் காய்ந்து இறுகிய வைப்பர் றப்பரும் ஒரு வழமையான குற்றவாளி.

புகை: டீசல் வாகனத்தில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி சிறு ஓட்டங்களால் அடைபடும். அடைபட்டதைச் சிலர் கழற்றி எறிந்து விடுகிறார்கள். அது இருக்க வேண்டிய வாகனத்தில் இல்லையென்றால் தோல்வி.

2018 மே 20 முதல் குறைகள் மூன்று தரமாகப் பிரிக்கப்பட்டுள்ளன. சிறு குறை என்றால் வாகனம் சித்தியடையும். பெருங்குறை என்றால் தோல்வி. ஆபத்தான குறை என்று எழுதினால், திருத்தும் வரை அதை வீதியில் ஓட்டக் கூடாது. இவற்றுக்கு வெளியே, கவனிக்கும்படி எழுதப்படும் ஆலோசனைக் குறிப்புகளும் உண்டு. அவையே அடுத்த வருடத் தோல்விகள்.

சோதனை பார்க்காத வீடு

எல்லாவற்றையும் விட முக்கியமானது இது. எம்.ஓ.ரி வாகனத்தைப் பார்க்கிறது, அதற்குள் இருக்கும் வீட்டைப் பார்ப்பதில்லை. காஸ் அடுப்பு, ஹீற்றர், வீட்டுப் பகுதியின் மின் இணைப்பு, தண்ணீர்க் குழாய், சுவரின் ஈரலிப்பு எதுவும் அதில் அடங்காது. புதிய எம்.ஓ.ரி கடதாசி கையில் இருக்கும்போதே, பிள்ளைகள் படுக்கும் இடத்தில் காஸ் கசியலாம்.

பாடசாலையில் காபனோரொட்சைட்டு என்று படித்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. காஸ் சரியாக எரியாதபோது அது உண்டாகிறது. தலையிடி, தலைசுற்று, ஓங்காளம் என்று தொடங்கும். நித்திரையில் இருப்பவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்காது. ஆகவே அதற்கான எச்சரிக்கை மணி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். குளிர் வருகிறது என்று தரையிலும் கூரையிலும் உள்ள காற்றுத் துவாரங்களைத் துணியால் அடைக்காதீர்கள். சமையல் காஸ் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் தரைத் துவாரம் வழியாகத்தான் வெளியேறும். மழை வந்துவிட்டது என்று இறைச்சி சுடும் கரி அடுப்பை உள்ளேயோ முன் கூடாரத்துக்குள்ளேயோ கொண்டுவரவே வேண்டாம். அணைந்தது போல் தெரியும் கரியும் இந்த வாயுவை வெளிவிடும்.

இதற்கென்று வசிப்பிடப் பகுதிச் சோதனை என ஒன்று தனியாக உண்டு. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் வருடம் ஒரு முறை, காஸ் வேலைக்குத் தகுதி பெற்ற ஒருவரைக் கொண்டு செய்விக்க வேண்டும். அப்போது ஈரலிப்பையும் கருவியால் அளப்பார்கள். 15 வீதத்துக்கு மேல் காட்டினால் கவனிக்க வேண்டும். 30ஐத் தாண்டினால் சுவருக்குள் பலகை உக்கத் தொடங்கியிருக்கலாம். அந்த வாகனத்தை விட்டுவிட்டு வேறொன்றைப் பார்ப்பதே நல்லது.

கிடாரத்துக்கும் எடை உண்டு

பல மோட்டார் ஹோம்களின் மொத்த எடை எல்லை 3,500 கிலோ. 1997 ஜனவரி 1க்குப் பின்னர் இங்கு கார் ஓட்டச் சித்தியடைந்தவர் சாதாரண அனுமதிப்பத்திரத்தில் ஓட்டக்கூடிய எல்லையும் அதுவே.

ஒரு கணக்குப் பார்ப்போம். சாரதியைச் சேர்த்த பின் 400 கிலோ ஏற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். மேலும் மூவர் 210 கிலோ. தொட்டியில் 100 லீற்றர் தண்ணீர் 100 கிலோ. நான்கு சைக்கிள் 60 கிலோ. மிச்சம் 30 கிலோ. அரிசிச் சாக்கும் கிடாரமும் உடுப்புப் பெட்டிகளும் இன்னும் ஏறவில்லை. எம்.ஓ.ரியில் எடை நிறுப்பதில்லை. வீதியில் மறித்து நிறுப்பார்கள். பாரம் கூடினால் ரயரும் பிறேக்கும் தாங்காது, தண்டமும் வரும். தண்ணீரைப் போய்ச் சேருமிடத்தில் நிரப்பினாலே 100 கிலோ குறையும்.

காசு கொடுப்பதற்கு முன்

முதலில் வாகன இலக்கத்தை அரசாங்க இணையத்தளத்தில் இட்டுப் பாருங்கள். 2005 முதலான எம்.ஓ.ரி முடிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். எந்த வருடம் எதில் தோற்றது, என்ன ஆலோசனை எழுதினார்கள், மைல் எவ்வளவு எல்லாம் இருக்கும். ஒரே ஆலோசனை நான்கு வருடம் தொடர்ந்து வந்திருந்தால், விற்பவர் அதைத் திருத்தவில்லை என்று பொருள்.

பிறகு மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். கதவைத் திறந்ததும் மணத்தைக் கவனியுங்கள். யன்னல் மூலை, கூரைத் திறப்பு, அலுமாரிகளின் உட்பக்கம் ஆகியவற்றைக் கையால் அழுத்துங்கள்; மெத்தென்று அமுங்கினால் ஈரம் உள்ளே போய்விட்டது. ரைமிங் பெல்ற் எப்போது மாற்றியது என்பதற்குப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். அதற்கு மைல் கணக்கு மட்டுமல்ல, வருடக் கணக்கும் உண்டு.

வாங்கிய பின் அதை நிற்க விடாதீர்கள். பனிக்காலத்திலும் மாதம் ஒரு முறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். எஞ்சினை நின்ற இடத்தில் இயக்கி விடுவது போதாது. சில்லு சுழல வேண்டும், பிறேக் பிடிக்க வேண்டும். எம்.ஓ.ரி முடியும் திகதிக்கு ஒரு நாள் குறைய ஒரு மாதம் முன்னரே சோதிப்பித்தாலும் பழைய திகதி மாறாது. அந்த ஒரு மாதம் திருத்துவதற்கான அவகாசம்.

இரவு பகலாக உழைத்துச் சேர்த்த காசு, அதற்குள் படுக்கப் போவது உங்கள் பிள்ளைகள். எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். குனிந்து அடியையும் பாருங்கள், உள்ளே போய்ச் சுவரையும் தொட்டுப் பாருங்கள்.